கல்லாற்றில் தோணி இறக்க எண்ணும் நண்பர்களுக்கு

வித்துரா,
புரட்டாசி மாதம்

அன்பார்ந்த இளைய நண்பர்களே,

மருதாமலை அடிவாரத்தில் அமைந்துள்ள அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் படிக்கும் பொருட்டுத் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் வந்து, இவ்வூரையே இரண்டாவது சொந்த ஊராக ஆக்கிக்கொண்டுவிட்ட உங்களில் சிலர், வருகிற பூஜை விடுமுறையில் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வரவிருக்கும் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு, கல்லாற்றுப் பாலத்தருகே தோணி இறக்கி, ஆற்றோடேயே பாலோடு வரையில் போய்ச் சேருவதென்று தீர்மானித்திருப்பதாகக் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் என் காதில் விழுந்தது. உங்களில் ஒருவரும் இதுவரை துடுப்புப் பிடித்ததில்லை என்பதும், வாடகைக்கு இரண்டு கனோத் தோணிகள் பேசியாகிவிட்டன என்பதும் கூடவே தெரியவந்தன. உங்கள் பெயர்களை நான் விசாரிக்கவில்லை. இக்கடிதத்தைத் தேநீர்க் கடைச் சுவரிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஆசை நல்ல ஆசை. ஆற்றங்கரையில் நின்று பார்ப்பவனுக்கு ஒருநாளும் புலப்படாத பல விஷயங்கள், ஜலத்தின் மட்டத்துக்குத் தாழ்ந்து உட்கார்ந்து, அதன் போக்கோடு தானும் போகிறவனுக்குத் தாமாகவே வெளிப்படுகின்றன என்பதை நான் அனுபவத்தில் அறிந்தவன். ஆகையால் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் தேர்ந்துகொண்ட இடமும் காலமும் மட்டுமே பிழையானவை என்றும், இதே ஆற்றின் இதே ஜலத்தை அறுபது எழுபது கிலோமீட்டர் கீழே போய், மூன்று மாதம் பொறுத்துச் சந்திப்பீர்களானால் அது உங்களை மடியில் வைத்துத் தாலாட்டும் என்றும் சொல்லவே எழுதுகிறேன்.

நம் ஊரை ஒட்டி ஓடும் கல்லாறு தனியாறு அன்று. வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதி அது. அகத்திய மலைத்தொடரைச் சேர்ந்த செம்முஞ்சி மொட்டையில், கடல்மட்டத்துக்கு 1500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பிறக்கும் அந்த ஆறு, 88 கிலோமீட்டர் ஓடிப் பாலோடு, வாமனபுரம், ஆற்றிங்கல் ஆகிய ஊர்களைக் கடந்து அஞ்சுதெங்குக் காயலில் சேர்கிறது. மலையின் மறுபுறம் இறங்கும் ஜலம் தாமிரபரணியாகிப் பாபநாசத்தையும் திருநெல்வேலியையும் அடைகிறது என்பது உங்களில் பலருக்கு வீட்டுச் செய்தி. 88 கிலோமீட்டர் என்றவுடன் நீண்ட ஆறு என்று மயங்கிவிடாதீர்கள். இறங்கவேண்டிய உயரத்தில் மிகப் பெரும்பகுதியை அது முதற்சில காத தூரத்திலேயே இறங்கித் தீர்த்துவிடுகிறது. அந்த இறக்கத்தின் அடிவாரத்தில்தான் வித்துரா இருக்கிறது. பெரும் பாறைகளுக்கிடையே பளிங்குபோல் நெளிந்தோடும் அந்த நீரைக் கண்டுதான் உங்களுக்குத் தோணியின் நினைவு வந்திருக்கும். அத்தனை பாறைகளையும் மேலிருந்து உருட்டிக்கொண்டுவந்து அங்கே போட்டது எது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

நான் அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஓர் ஐப்பசி மாதத்துப் பிற்பகல்; பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே வெயில். பொன்முடி மலைப் பக்கம் மட்டும் மை பூசியதுபோல் கறுத்திருந்தது. கீழே மணல்திட்டில் ஒரு குடும்பம் சோற்றுப்பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. முதலில் மாறியது ஓசை: சலசலவென்றிருந்த ஆறு, தூரத்தில் லாரி ஏற்றம் ஏறுவதுபோல் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. பின்னர், அதுவரை அடிக்கூழாங்கல் தெரிந்த நீரில் காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் கொத்துக்கொத்தாக மிதந்து வந்தன. அதன்பின் நிறம் மாறியது. பால் விடாத தேநீரின் நிறம். என் பக்கத்தில் நின்றிருந்த கடைக்காரர் இரு கைகளையும் வாயில் குவித்து, “கேறு, கேறு, கரைக்குக் கேறு” என்று கத்தினார். அவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பாறைப்படியில் ஏறி முடிப்பதற்கும், மணல்திட்டு இருந்த இடம் தெரியாமல் போவதற்கும் இடையே ஐந்து நிமிஷங்கூட ஆகியிருக்காது. சோற்றுப்பொட்டலம் போயிற்று, ஒரு சிறுமியின் செருப்பும் போயிற்று, வேறெதுவும் போகவில்லை. ஒரு துளி மழை எங்கள்மீது விழவில்லை.

இதைத்தான் இவ்வூரார் மலவெள்ளப் பாய்ச்சல் என்கிறார்கள். அறிவியல் பயிலும் உங்களுக்குக் கணக்காகவே சொல்லிவிடலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர் ஜலம். வானிலை ஆய்வு நிலையத்தார் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையையே கனமழை என்கிறார்கள். மஞ்சள் எச்சரிக்கை விடுவதும் அந்த அளவுக்குத்தான். அம்மஞ்சள் மழை பத்துச் சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் பெய்தால் 64 கோடி லிட்டருக்கும் மேல். பாறையும் சரிவும் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை நாள் முழுதும் பெய்து தன் வரவை முன்கூட்டியே அறிவித்துக்கொண்டு வரும். துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையோ காலையில் தெளிந்த வானத்தைக் காட்டி அழைத்து, பிற்பகலில் இடியும் மின்னலுமாக மலைமேல் கொட்டித் தீர்க்கும் இயல்புடையது. நீங்கள் குறித்திருக்கும் பூஜை விடுமுறை அதன் வாசற்படியில் நிற்கிறது. இந்த மலைத்தொடரின் தென்பகுதியில், அம்பூரியில், 2001 நவம்பர் 9-ஆம் தேதி இரவு மண்சரிந்து ஏறத்தாழ 40 உயிர்கள் போனது இதே பருவத்தில்தான். கிழக்குப்பக்கத்தில், பழைய குற்றாலத்தில், 2024 மே 17 அன்று திடீரென்று பொங்கிவந்த வெள்ளம் பள்ளி மாணவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அவன் ஆற்றில் சாகசம் செய்யப் போனவன் அல்லன், அருவியில் குளிக்கப் போனவன்.

வெள்ளமே வராத நாளாயினும் கல்லாறு தோணிக்கு உரிய ஆறு அன்று. ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு கனோ, பாறையொன்றில் குறுக்காக மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரின் வேகம் நாம் சாதாரணமாக நடக்கும் வேகமே, மணிக்கு 5 கிலோமீட்டர்தான் என்றாலும், அதன் பக்கவாட்டில் விழும் அழுத்தம் ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது, 600 கிலோ. தோணிக்கும் பாறைக்கும் இடையே ஒருவன் கால் அகப்பட்டுவிட்டால் கரையில் நிற்கும் ஆறு பேர் கூடி இழுத்தாலும் எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, பாறைகளுக்கிடையே ஆங்காங்கே கயங்கள் உண்டு. கயம் என்பது நமக்கும் பழந்தமிழ்ச் சொல்லே. ஆழமான நீர்நிலை என்று பொருள். இங்குள்ள வட்டக்கயம் மேலே பார்க்கச் சாந்தமாகக் கண்ணாடிபோல் கிடக்கும். அதன் அடியில் சுழலும் நீர் இதுவரை எத்தனையோ வெளியூர் இளைஞர்களைத் திருப்பித் தரவில்லை. எச்சரிக்கைப் பலகை அங்கே நிற்கிறது. அப்பலகையின் அருகிலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மலபார் ஆற்றுத் திருவிழாவைப் பற்றி உங்களில் யாரேனும் எடுத்துக்காட்டக்கூடும். கோழிக்கோட்டு ஜில்லாவில், கோடஞ்சேரிப் பக்கத்தில், சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் மழைக்காலத்துப் பெருக்கில் பல தேசத்து வீரர்கள் கயாக் ஓட்டுவது உண்மைதான். அது காணத்தக்க காட்சியுமாகும். அவர்கள் ஒவ்வொருவரும் பல ஆண்டுகள் பயின்றவர்கள். தலைக்கவசம் இன்றி ஒருவரும் இறங்குவதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மீட்புக்கயிற்றோடு ஆட்கள் நிற்கிறார்கள். படத்தில் நமக்குத் தெரிவது துள்ளுகிற தோணி மட்டுமே.

மற்ற இடங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரமனை ஆற்றின் குறுக்கே 1983-இல் கட்டி முடிக்கப்பட்ட பேப்பாறை அணையின் தேக்கம் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. வனத்துறையின் அனுமதி இன்றி அதில் கால் நனைப்பதும் குற்றம், யானை இறங்கும் கரையில் தோணியை ஏற்றுவது அதைவிடப் பெரிய மதியீனம். அணைக்குக் கீழே, அருவிக்கரைப் பக்கம் போகலாமே என்றால், அணையின் ஷட்டர்களைச் சில சென்டிமீட்டர் உயர்த்தினாலே, மழையில்லாத நாளிலும் ஆறு ஏறிவிடும். ஷட்டர் திறப்பதாகச் செய்தி வந்த நாளில் கரமனையாற்றுக்கரையில் நிற்பதுகூடத் தகாது. நெய்யாற்றணைத் தேக்கத்தில் முதலைகள் இருக்கின்றன. அங்கே உரியவர்கள் நடத்தும் படகில் ஏறிச் சுற்றிவரலாம். புதிதாகத் துடுப்புப் பிடிக்கிறவன் கவிழ்ந்து பழகுவதற்கு ஏற்ற ஜலம் அது அன்று.

நிற்க. அப்படியானால் எங்கேதான் போவது என்று கேட்பீர்கள்.

வாமனபுரம் ஆறு தன் ஓட்டத்தை எல்லாம் முடித்து, வேகம் தணிந்து, தென்னந்தோப்புகளின் நிழலைத் தன்மீது வாங்கிக்கொண்டு பரந்து கிடக்கும் அஞ்சுதெங்கு, கடினங்குளம் காயல்களுக்குப் போங்கள். நம் பாலத்தின் அடியில் நேற்று உறுமிய ஜலம் அங்கே போனபின் கயிற்றுக்குத் தேங்காய்மட்டை ஊறவைக்கும் குட்டைகளின் ஓரமாகப் பூனைபோல் நடக்கிறது. தையிலும் மாசியிலும், அதாவது ஜனவரி பிற்பகுதியிலும் பிப்ரவரியிலும், விடியற்காலையில் அக்காயலின் முகத்தில் ஒரு சுருக்கமும் இராது. ஓட்டம் மிகக் குறைவு, பாறை இல்லை, பல இடங்களில் மார்பளவு ஆழமே. கரையோரம் வீடுகள் இருப்பதால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும். ஆனால் அங்கும் விலக்கவேண்டியவை இரண்டுண்டு. ஒன்று, பொழி. காயல் கடலோடு கலக்கும் முதலப்பொழி வாய் ஆண்டாண்டாக, கடலிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்களின் உயிரையே பலிகொண்டுவருகிறது. அதன் இழுப்பு எட்டும் தூரத்துக்குக்கூட நீங்கள் போகலாகாது. மற்றொன்று, பிற்பகற் காற்று. பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழும்பத் தொடங்கினால், லேசான கனோ அதன் கையில் சருகாகிவிடும். ஆகவே ஆறரை மணிக்கு இறங்கிப் பத்து மணிக்குள் கரையேறிவிடவேண்டும். புதியவர்களால் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் துடுப்புப் போட முடியாது. இடையிடையே நிற்கவும் நேரும். போக மூன்று, வர மூன்று என்று ஆறு கிலோமீட்டரோடு முதல்நாளை முடித்துக்கொள்வது நல்லது.

இக்காயலின் கடற்கரை ஓரத்தில் காயிக்கரை என்னும் சிற்றூர் இருக்கிறது. மலையாளக் கவிதையின் போக்கையே மாற்றிய குமாரன் ஆசான் 1873-இல் பிறந்தது அவ்வூரில். ஜலத்தின் ஓரத்தில் பிறந்து, நீர்வழிப் பிரயாணமே அன்றாட வழக்கமாயிருந்த காலத்தில் வாழ்ந்த அப்பெருமகனார், 1924 ஜனவரி 16 அன்று, கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கிச் சென்ற ரெடீமர் என்னும் படகில் இருந்தார். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியிருந்த அப்படகு பல்லனை ஆற்றில் கவிழ்ந்தபோது, தம் ஐம்பதாம் பிராயத்தில் உயிர் நீத்தார். அன்றைய தினம் புயலில்லை, வெள்ளமில்லை. அமைதியான நீரும் ஆளைக் கொல்லும். அதற்கு வேண்டியதெல்லாம் இன்னும் இரண்டு பேர் ஏறட்டும் என்று ஒருவர் சொல்வதும், அதை மற்றவர் மறுக்காதிருப்பதுமே. நூறு ஆண்டுகளாகக் கேரள நாடு இதையே திரும்பத் திரும்பக் கண்டுவருகிறது. 2002-இல் குமரகத்தில் படகு மூழ்கி மாண்டவர் 29 பேர். 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில், சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகள் 15 பேரும் ஆசிரியர்கள் மூவரும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர். விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பிரயாணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். இருட்டிய பிறகு, அளவுக்கு மேல் ஆட்களோடு போன படகு. இந்தத் தேதிகளை உங்களைப் பயமுறுத்துவதற்காக வரிசைப்படுத்தவில்லை. ஒவ்வொன்றிலும் கரையில் நின்றிருக்கையிலேயே ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

என் வாழ்விலும் அப்படியொரு கணம் வந்துபோனதுண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஆற்றிங்கல்லுக்கு மேலே, இரவல் வாங்கிய சிறு வள்ளம் ஒன்றில் நானும் என் சிநேகிதர் ஒருவரும் புறப்பட்டோம். முந்தின இரவு மழை பெய்திருந்தது. நீர் ஒரு முழம் ஏறியிருந்தது. வள்ளத்துக்குரியவர் கரையில் நின்று, “இன்று வேண்டாம், நாளைக்கு நீர் இறங்கிவிடும்” என்றார். நாங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும். அந்த அற்பக் காரணத்தால் அவர் வார்த்தையைத் தட்டினோம். இந்நாட்டு ஆறுகளின் கரையில் மூங்கிற்புதர் செறிந்து நிற்பதையும், ஆற்றின் வளைவுகளில் மண் அரிக்கப்பட்டு அம்மூங்கில்கள் நீருக்குள் சாய்ந்து கிடப்பதையும் நீங்கள் கண்டிருக்கலாம். வளைவின் வெளிப்புறத்தில்தான் நீரின் வேகம் அதிகம். ஆகையால் நீர் தானே நம்மை அந்த மூங்கிலிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். தண்ணீர் மூங்கிலுக்கிடையே சல்லடையில்போல் போய்விடும், மனிதன் போகமாட்டான். எங்கள் வள்ளம் குறுக்காக அதில் சார்ந்தது. அந்த நிமிஷத்தில் மூங்கிலைக் கட்டித் தழுவுவதுபோல் அதன் பக்கமாகச் சாய்ந்திருக்கவேண்டும். நானோ முள்ளுக்கு அஞ்சி, உடம்பின் சுபாவத்தால் எதிர்ப்பக்கம், நீர் வரும் திசையில் சாய்ந்தேன். விளிம்பு தாழ்ந்தது, ஒரே விழுங்கில் வள்ளம் நிறைந்தது. சிநேகிதர் தண்ணீருக்கடியில் மூங்கிற்கிளைகளுக்குள் போய்விட்டார். அவருடைய வேட்டிதான் அவரைப் பிடித்துவைத்துக்கொண்டது. வெட்டுகத்தியோடு தோப்பில் நின்றிருந்த ஒருவர் குதித்து வந்து, வேட்டியை அறுத்து, கிளையை வெட்டி, அவரை வெளியே எடுத்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் அதன்பின் ஆற்றில் குளித்ததேயில்லை; நானும் நீண்ட காலம் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை, ஏனெனில் போவோம் என்று வற்புறுத்தியவன் நான்.

அதனால்தான் ஆற்றைப் படிக்கக் கற்பதற்கு முன் ஆற்றில் இறங்காதீர்கள் என்று இத்தனை மன்றாடுகிறேன். காயலில் பழகி, அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ ஓடும் நீருக்கு வருவீர்களானால், சாய்ந்த மரம், மூங்கில் இவற்றுக்கு அடுத்தபடியாக நீங்கள் அஞ்சவேண்டியது தடுப்பணையை. மேலிருந்து வருகிறவனுக்கு அது ஆற்றின் குறுக்கே இழுத்த ஒரு நேர்கோடாக மட்டுமே தெரியும். இடுப்பளவு உயரந்தானே, வழுக்கி இறங்கிவிடலாம் என்று தோன்றும். விழுந்த நீர் கீழே போய், மேலெழுந்து, மறுபடி அணையின் முகத்தை நோக்கியே திரும்பிச் சுழல்கிறது. அதில் அகப்பட்ட மரக்கட்டை மணிக்கணக்காக ஒரே இடத்தில் உருண்டுகொண்டிருப்பதை எந்தத் தடுப்பணையிலும் காணலாம். கோடு தெரிந்தவுடன் கரையேறித் தோணியைத் தோளில் சுமந்து கடப்பதே வழி.

இனிப் பயிற்சி. காயற்கரைக் கடவுகளில், அதாவது தோணித்துறைகளில், ஆட்களை அக்கரை சேர்க்கும் கடத்துத் தோணியை இன்றும் நடத்தும் முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். எனக்குப் பழக்கமான ஒருவர், எழுபதைக் கடந்தவர், புதியவர்களுக்குக் கற்பிக்கையில் முதல் ஒரு மணி நேரம் துடுப்பையே கையில் கொடுப்பதில்லை. இடுப்பளவு நீரில் தோணியை நிறுத்தி, இரு விளிம்புகளையும் இரு கைகளால் பற்றி, நடுவில் கால் வைத்து, குனிந்தபடியே ஏறி, முழந்தாளிட்டு அமரச் சொல்வார். பின் இறங்கச் சொல்வார். பின்னர் வேண்டுமென்றே கவிழ்ப்பார். “முதலில் விழுந்து பழகு, பயம் தெளியும்; பயந்தவன்தான் எழுந்து நிற்பான், எழுந்து நிற்கிறவன்தான் கவிழ்ப்பான்” என்பது அவர் பாடம். தேக்கடியில் மேல்தளத்தில் நடந்ததும், நம் கனோவில் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொடுக்க ஒருவன் எழும்போது நடப்பதும் ஒரே பௌதிக நியாயந்தான். அதன் பிறகே துடுப்பு: ஒரு கை துடுப்பின் தலையை மேலிருந்து மூடிப் பிடிக்க, மறுகை தண்டின் கீழ்ப்பாகத்தில், தோளால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுப்பது. பின்னால் இருப்பவன் திசை திருப்புவான். முன்னால் இருப்பவன் கண்ணாக இருப்பான். இருவரும் பேசிக்கொண்டே போகவேண்டும். அரைநாள் இப்படிச் செலவிட்டால் போதும், கை கொப்பளித்தாலும் மனம் தெளிந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. தோணியில் அதைத் தலையணையாக வைத்துக்கொண்டு போகிறவர்கள் அநேகர். விழுந்த பிறகு நீருக்குள் அதை அணிந்துகொள்வது யாராலும் ஆகாது. வாடகைக்காரர் கொடுப்பதை வாங்கி அப்படியே மாட்டிக்கொள்ளாதீர்கள். பட்டைகளை எல்லாம் இறுக்கியபின், தோழன் ஒருவனை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது உங்களுக்கு உரியதன்று; வேறு கேளுங்கள். நீந்தத் தெரிந்தவனுக்கும் அது வேண்டும். நீந்தத் தெரியாதவன் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளட்டும். உடுத்த உடையோடு ஐம்பது மீட்டர் நீந்த முடியாதவர்களைக் கரையில் சமையலுக்கும் கயிற்றுக்கும் பொறுப்பாக வையுங்கள். லுங்கி, வேட்டி, ஜீன்ஸ், துப்பட்டா எதுவும் ஆகாது. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். கழுத்தில் ஒரு ஊதல், தோணிக்கு ஒரு பதினைந்து மீட்டர் மிதக்கும் கயிறு, நீர் இறைக்க ஒரு குவளை, எட்டும் இடத்தில் ஒரு கத்தி. கயிற்றை ஒருநாளும் உங்கள் இடுப்பில் கட்டாதீர்கள். தனித்தோணியாகப் போகாதீர்கள், ஒன்று கவிழ்ந்தால் எடுக்க மற்றொன்று வேண்டும். மது அருந்தியவன் ஒருவன் இருந்தாலும் அன்றைய பிரயாணம் இல்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே கிடையாது.

ஓடும் நீரில் விழுந்துவிட்டால், முழங்காலளவு ஆழமே என்றாலும் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் நீர் முதுகைத் தள்ளித் தலையை அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி, பெருவிரல்கள் நீருக்கு மேலே தெரிய மிதந்து, அமைதியான நீர் வந்தவுடன் கரைக்கு நீந்துங்கள். நீர் நிறைந்த தோணிக்கு, ஓட்டம் போகும் கீழ்ப்பக்கத்தில் ஒருபோதும் இருக்காதீர்கள். வீடு திரும்பிய பின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண்டால், ஆற்றில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் இந்நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் வியாதி, காலில் சிறு கீறல் இருந்தாலும் நீர்வழியாக ஏறிவிடும்.

புறப்படும் முன் எங்கே இறங்குகிறீர்கள், எங்கே ஏறுகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேடவேண்டும் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி விடுதியில் ஒருவரிடமும் கடவில் ஒருவரிடமும் கொடுங்கள். தீயணைப்பு மீட்புப் படைக்கு 101, அவசரத்துக்கு 112. முந்தின நாள் மாலையும் புறப்படும் காலையும் எச்சரிக்கையின் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சும் சிவப்பும் வந்தால் போகக்கூடாதென்பதை யாரும் சொல்லவேண்டியதில்லை. புதியவர்களாகிய உங்களுக்கு மஞ்சளே போதும், நின்றுவிடுங்கள். இன்னொன்று: உங்கள் கூட்டத்தில் மிகவும் கூச்சமுள்ளவன், அல்லது மிகவும் இளையவள், “எனக்கு மனம் ஒப்பவில்லை” என்று சொன்னால், காரணம் கேட்காமல் அனைவரும் கரையேறுவதென்று முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த ஒரு உடன்பாடு அன்று எனக்கும் என் சிநேகிதருக்கும் இடையே இருந்திருந்தால், வள்ளத்துக்காரரின் வார்த்தை காற்றில் போயிராது; என் சிநேகிதர் தயங்கினார் என்பதை நான் கண்டேன், கேட்கவில்லை.

பேசிவைத்த இரண்டு தோணிகளுக்கும் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும். பூஜை விடுமுறையின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கல்லாற்றுப் பாலத்தருகே வாருங்கள். துடுப்பு வேண்டாம், குடை இருந்தால் போதும். மழை இல்லையேல் கரையோடு நடந்து, எந்தப் பாறைக்குப் பின்னால் நீர் திரும்புகிறது, எங்கே சுழல்கிறது, எங்கே நுரைக்காமல் ஓடுகிறது என்று நான் காட்டுகிறேன். கடத்துக்காரப் பெரியவரிடம் தை மாதத்து இரண்டாம் ஞாயிறை உங்களுக்காக ஒதுக்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் என்று கேட்டார், அன்றைக்குச் சொல்லிவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நன்மையை நாடும்
வித்துராவாசி ஒருவன்